காலே அசையாதவருக்கு உடற்பயிற்சி எதற்கு? தொண்டு அமைப்புகளின் இயக்கத் திட்டங்கள்: ஓர் எளிய அறிமுகம்

"நடக்கவே முடியாதவரைப் போய் எதற்கு உடற்பயிற்சி செய்யச் சொல்லி வதைக்கிறீர்கள்? பாவம், நிம்மதியாக இருக்கட்டுமே!"

இதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். பெரும்பாலும் பெற்ற தாயோ கட்டிய கணவனோ உடன்பிறந்தவரோதான் சொல்கிறார்கள். அன்பு மிகுந்துபோய் வரும் சொல் அது. ஆனால் மாற்றுத்திறனாளி ஒருவரை நாற்காலியோடு நாற்காலியாக உறையவைப்பதும் அந்தச் சொல்தான். இதற்குப் பதில் தெரிந்துகொண்டால், தொண்டு அமைப்புகள் மாற்றுத்திறனாளிகளுக்காக ஏன் நீச்சலும் பந்தாட்டமும் வில்வித்தையும் நடத்துகின்றன என்பது தானே விளங்கிவிடும்.

உடலிலேயே பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் இருக்கின்றன. நாம் நடக்கும்போதும் எழும்போதும் அவை இரத்தத்திலுள்ள சர்க்கரையை எரிக்கின்றன, கெண்டைக்கால் தசைகளோடு சேர்ந்து கால்களிலிருந்து இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. முதுகுத்தண்டு அடிபட்டோ வேறு காரணத்தாலோ அவை ஓய்ந்துவிட்டால் எலும்பு மெலிகிறது, எடை கூடுகிறது, குடல் மந்தமாகிறது, சர்க்கரை நோயும் இதய நோயும் எளிதில் நெருங்குகின்றன. கால் செய்த வேலை முழுவதும் தோள் மேல் விழுகிறது. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு, திரும்ப நாற்காலிக்கு என்று ஒரு நாளில் எத்தனை முறை தன் உடல் எடை முழுவதையும் இரண்டு கைகளால் தூக்கி நகர்த்த வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கைகளில் பலம் இருக்கும்வரை ஒருவர் தனியாகக் கழிப்பறைக்குப் போவார். பலம் குறைந்த நாளிலிருந்து இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். ஆக, இங்கே உடற்பயிற்சி என்பது அழகான உடம்புக்கான ஏற்பாடு அல்ல. யாரையும் கூப்பிடாமல் கழிப்பறைக்குப் போய்வருவதற்கான ஏற்பாடு.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட உடலியக்க வழிகாட்டுதலில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே முதன்முறையாகத் தனிப் பரிந்துரை இடம்பெற்றது. வளர்ந்தவர்களுக்கு அது சொல்லும் அளவு மற்றவர்களுக்குச் சொல்வதேதான்: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கம், வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சி. முடியாதவர்கள் முடிந்த அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டலாம். கொஞ்சம் அசைந்தாலும் அசையாமல் இருப்பதைவிட நல்லது என்றும் அது சொல்கிறது. "இயக்கம்" என்றதும் மைதானத்தை மட்டும் நினைக்க வேண்டாம். சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு போவது, உட்கார்ந்தபடி தோட்ட வேலை பார்ப்பது, ஊன்றுகோலோடு படியேறுவது எல்லாமே கணக்கில் சேரும்.

இதே நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஏறக்குறைய 130 கோடிப் பேர் குறிப்பிடத்தக்க குறைபாட்டோடு வாழ்கிறார்கள். ஆறு பேரில் ஒருவர். இந்தக் கணக்கில் பார்வை, செவி, மனநலக் குறைபாடுகளும் அடக்கம். இந்தக் கட்டுரை அவர்களில் ஒரு பகுதியினரைப் பற்றியது: முதுகுத்தண்டு காயம், கை கால் இழப்பு, இளம்பிள்ளை வாதம், மூளை முடக்குவாதம் (செரிபிரல் பால்சி), பக்கவாதம், தசைச் சிதைவு போன்றவற்றால் உடலின் அசைவு பாதிக்கப்பட்டவர்கள்.

மருத்துவமனை வாசலுக்கு அப்பால்

ஒருவருக்கு விபத்தில் முதுகுத்தண்டு அடிபடுகிறது. மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் தினமும் வந்து பயிற்சி கொடுக்கிறார். சில வாரங்களிலோ மாதங்களிலோ வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதற்கப்புறம்?

அக்கம்பக்கத்தில் ஓர் உடற்பயிற்சிக் கூடம் இருக்கும். மாடியில் இருக்கும். மின்தூக்கி இருந்தாலும் கழிப்பறைக் கதவு சக்கர நாற்காலி நுழையாத அகலத்தில் இருக்கும். அதையும் தாண்டி உள்ளே போனால் பயிற்சியாளர் பயந்துபோவார். "உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?" என்பார். நீச்சல்குளத்தில் இறங்க வழி இருக்காது. பேருந்தில் ஏற முடியாது, வாடகை வண்டிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே தன்னைப் போல் ஒருவரும் இருக்க மாட்டார். எல்லார் கண்ணும் தன் மேலேயே இருக்கும்.

மருத்துவமனை வாசலுக்கும் மைதான வாசலுக்கும் நடுவில் கிடக்கிற இந்தப் பள்ளத்தில்தான் தொண்டு அமைப்புகள் வேலை செய்கின்றன. ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006-இல் ஏற்கப்பட்டது. அதன் 30-ஆவது பிரிவு விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்பதை உரிமை என்கிறது. அதற்கு வழி செய்ய வேண்டிய கடமை அரசுகளுடையது. உரிமை ஏட்டில் இருக்கிறது. கதவின் அகலம் மாறும்வரை யாராவது கைகொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த இடைக்கால வேலையைத்தான் தொண்டு அமைப்புகள் செய்கின்றன. அதைத் தர்மம் என்று நினைத்துச் செய்பவர்களும் உண்டு, உரிமை என்று நினைத்துச் செய்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு திட்டத்தின் ஒவ்வொரு மூலையிலும் தெரியும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எப்படித் தொடங்கியது?

லுட்விக் குட்மன் ஜெர்மனியில் நரம்பியல் மருத்துவராக இருந்த யூதர். நாஜிகளிடமிருந்து தப்பி 1939-இல் இங்கிலாந்து வந்தார். 1944-இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு காயப் பிரிவைத் தொடங்கி நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. அந்தக் காலத்தில் முதுகுத்தண்டு முறிந்தவர்களுக்கு மருத்துவம் கைவிரித்திருந்தது. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் சேர்ந்து பெரும்பாலோரைச் சில ஆண்டுகளுக்குள் கொண்டுபோய்விடும். குட்மன் முதலில் செய்தது விளையாட்டு அல்ல. நோயாளிகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், புரட்டிப் படுக்கவைக்கச் சொன்னார். புண் ஆறியது. ஆள் பிழைத்தார். பிழைத்தவர் நாள் முழுக்கப் படுத்துக்கொண்டு என்ன செய்வார் என்ற கேள்விக்குப் பதிலாகத்தான் விளையாட்டு வந்தது.

1948 ஜூலை 29 அன்று லண்டனில் ஒலிம்பிக் தொடங்கியது. அதே நாளில் குட்மன் தன் மருத்துவமனை வளாகத்தில் ஒரு வில்வித்தைப் போட்டி நடத்தினார். போரில் காயம்பட்ட 16 ஆண்களும் பெண்களும் சக்கர நாற்காலியில் இருந்தபடி அம்பு எய்தார்கள். வில்வித்தை அவர்களுக்கு வாகாக அமைந்தது. நாணை இழுக்க வேண்டியது தோளும் முதுகும். நிமிர்ந்து நிற்க வேண்டிய சமநிலையை உட்கார்ந்தபடியே உடல் பழகிக்கொள்ளும். போட்டியும் மருத்துவமும் ஒரே அசைவில் நடந்துவிடும். 1952-இல் நெதர்லாந்து அணி வந்து சேர, அது பன்னாட்டுப் போட்டியானது. 1960-இல் ரோமில் 23 நாடுகளைச் சேர்ந்த 400 பேர் கூடினார்கள். இன்று அதையே முதல் பாராலிம்பிக் என்கிறோம்.

இதைச் சொல்லும்போது பலரும் பாராலிம்பிக்கில் போய் நின்றுவிடுகிறார்கள். எனக்கு அந்த இரவுநேரப் புரட்டல்தான் பெரிதாகத் தெரிகிறது. யாரும் கைதட்டாத வேலை அது. ஒரு நாள் விட்டாலும் போச்சு. நல்ல இயக்கத் திட்டங்கள் எல்லாமே அந்த வேலையின் ஜாடையில்தான் இருக்கின்றன.

பிற்காலத்து அமைப்புகள் பலவும் ஒரே ஒருவருடைய தேவையிலிருந்து முளைத்தவை. டிக் டிராம் என்ற அமெரிக்கர் ஒரு காலை இழந்தவர். 1976-இல் செயற்கைக் காலோடு நியூயார்க் மாரத்தானை ஓடி முடித்தார். தனக்கு முடிந்தது மற்றவர்க்கும் முடியும் என்று 1983-இல் ஓர் ஓட்டக் குழுவைத் தொடங்கினார். இன்று அகிலீஸ் இன்டர்நேஷனல் என்று பல நாடுகளில் கிளைவிட்டிருப்பது அதுதான். அந்தக் குழுவின் மூலதனம் கட்டடமோ கருவியோ அல்ல, உடன் ஓடும் தன்னார்வலர். மாற்றுத்திறனாளி எந்த வேகத்தில் போகிறாரோ அந்த வேகத்தில் பக்கத்திலேயே போவதுதான் அவர் வேலை.

இன்னொன்று ஜிம் மக்லாரன் கதை. ஒரு கால் போன பிறகும், நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டியின் வீரராகத் தலைநிமிர்ந்தவர். 1993-இல் ஒரு போட்டியின் நடுவே வாகனம் மோதிக் கழுத்துக்குக் கீழே முடங்கிப்போனார். அவர் தானே இயக்கக்கூடிய ஒரு வண்டி வாங்கிக் கொடுக்க 1994-இல் நண்பர்கள் சான் டியாகோவில் ஒரு போட்டி வைத்துப் பணம் திரட்டினார்கள். அதில் கலந்துகொண்ட, காலிழந்த பெண்கள் சிலர் ஒரு விஷயத்தைச் சொன்னார்கள்: நடப்பதற்கான செயற்கைக் காலுக்குக் காப்பீடு பணம் தரும், ஓடுவதற்கான காலுக்குத் தராது. ஓடுவது "மருத்துவத் தேவை" அல்லவாம். நண்பர்கள் அதோடு கலையவில்லை. 1997-இல் சேலஞ்ஜ்டு அத்லெட்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பாகப் பதிவுசெய்தார்கள். விளையாட்டுக் கருவிக்கும் பயிற்சிக்கும் நிதி கொடுப்பதுதான் அதன் முதன்மையான வேலை.

மூன்றாவதாக, பல்லாண்டுப் போரைக் கண்ட ஆப்கானிஸ்தான். செஞ்சிலுவைச் சங்கப் பன்னாட்டுக் குழுவின் செயற்கை உறுப்பு மையத்தில் 1990 முதல் காபூலில் பணியாற்றியவர் இத்தாலிய பிசியோதெரபிஸ்ட் ஆல்பர்டோ கைரோ. அவர் அங்கே ஒரு முடிவெடுத்தார்: வேலைக்கு ஆள் எடுப்பதானால் மாற்றுத்திறனாளிகளைத்தான் எடுப்பது. செயற்கைக் கால் செய்பவர், பொருத்துபவர், நடக்கப் பழக்குபவர் எல்லாரும் பெரும்பாலும் அதே பாதையில் வந்தவர்கள். புதிதாகக் காலிழந்து உள்ளே நுழையும் ஒருவர், தனக்கு நடை பழக்குபவரும் செயற்கைக் காலோடு நடப்பதைப் பார்க்கிறார். எந்த ஆலோசகரும் ஒரு மணி நேரம் பேசி அந்த நம்பிக்கையைக் கொடுத்துவிட முடியாது. சக்கர நாற்காலிக் கூடைப்பந்து அங்கே ஆண்கள் அணி, பெண்கள் அணி என்று வேர்விட்டதற்கும் இந்த மண்தான் காரணம் என்பேன்.

முதுகைக் காட்டி நிற்கும் உதவியாளர்

திட்டங்களுக்குள் என்ன நடக்கிறது என்று பட்டியல் போட்டால் நீளும்: நீச்சல், குதிரையேற்றம், கைமிதிவண்டி, உட்கார்ந்து ஆடும் கைப்பந்து, சக்கர நாற்காலி டென்னிஸ், நடனம். எல்லாவற்றையும் தொட்டுச் செல்வதைவிட ஒன்றை முழுதாகப் பார்ப்போம். என் விருப்பம் போச்சியா.

சிவப்புப் பந்து ஆறு, நீலப் பந்து ஆறு, வெள்ளைப் பந்து ஒன்று. முதலில் வெள்ளைப் பந்தை எறிவார்கள். பிறகு அவரவர் நிறப் பந்தை அதற்கு நெருக்கமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். கோலிக்குண்டு ஆடியவர்களுக்கு ஒரே நிமிடத்தில் பிடிபட்டுவிடும். மூளை முடக்குவாதத்தால் கை தன் சொல்பேச்சுக் கேட்காதவர்களுக்காக வளர்ந்த விளையாட்டு இது. 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. கையால் எறிய முடிந்தவர் எறிவார், காலால் உதைக்க முடிந்தவர் உதைப்பார்.

இரண்டுமே முடியாதவருக்கு ஒரு சாய்வுப் பாதை உண்டு. சறுக்குமரம் போல இருக்கும். அதன் உச்சியில் பந்தை வைத்து, தலையில் கட்டிய ஒரு குச்சியாலோ கையாலோ தள்ளிவிட்டால் உருண்டு ஓடும். அந்தப் பாதையை இடமும் வலமும் திருப்பி வைக்க ஓர் உதவியாளர் இருப்பார். இங்கேதான் இந்த விளையாட்டின் அழகு. அந்த உதவியாளர் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டித்தான் இருக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. வாய் திறந்து யோசனை சொல்லக் கூடாது. "கொஞ்சம் இடப்பக்கம், இன்னும் கொஞ்சம், போதும்" என்று ஆட்டக்காரர் சொல்வதை, கண்ணாலோ தலையாலோ காட்டுவதை, அவர் அப்படியே செய்ய வேண்டும். தவறான இடம் என்று அவர் மனத்துக்குப் பட்டாலும் செய்ய வேண்டும். பந்து எங்கே போகும் என்ற முடிவு முழுக்க முழுக்க ஆட்டக்காரருடையது. தோற்றாலும் அது அவருடைய தோல்வி.

எல்லாத் தீர்மானங்களையும் மற்றவர்களே எடுக்கும் வாழ்க்கையில் இருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! எப்போது எழுப்புவது, என்ன உடுத்துவது, எங்கே கூட்டிப்போவது என்று எல்லாவற்றையும் வீட்டார் முடிவு செய்திருப்பார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் அவர் சொல்ல, இன்னொருவர் கேட்கிறார்.

மற்ற விளையாட்டுகளும் இதே போலச் சின்னச் சின்ன விதி மாற்றங்களால் கதவைத் திறந்துவைத்திருக்கின்றன. சக்கர நாற்காலி டென்னிஸில் பந்து இரண்டு முறை தரையில் படலாம். கூடைப்பந்தில் ஒவ்வொருவருக்கும் அவருடைய இயக்கத் திறனைப் பொறுத்து 1 முதல் 4.5 வரை புள்ளி உண்டு. களத்தில் இருக்கும் ஐவரின் கூட்டுப்புள்ளி 14-ஐத் தாண்டக் கூடாது. அதனால் அதிகம் முடங்கியவர் அணிக்குச் சுமையாவதில்லை; அவர் இல்லாமல் அணியே சேராது. உட்கார்ந்து ஆடும் கைப்பந்துக்கு வலையைத் தாழ்த்திக் கட்டினால் போதும், வீட்டில் எல்லாரும் தரையில் உட்கார்ந்து சேர்ந்தே ஆடலாம்.

கருவி கொடுத்தால் மட்டும் போதுமா?

தொண்டு என்றதும் பலருக்குக் கண்ணில் வரும் காட்சி ஒன்றுதான்: மேடை, வரிசையாகச் சக்கர நாற்காலிகள், புகைப்படம். கொடுப்பது தவறில்லை. ஆனால் எதைக் கொடுக்கிறோம், கொடுத்த பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் திட்டத்தின் தரம் இருக்கிறது.

தினசரிச் சக்கர நாற்காலி வேறு, விளையாட்டு நாற்காலி வேறு. விளையாட்டு நாற்காலியில் சக்கரங்கள் மேலே உட்பக்கமும் கீழே வெளிப்பக்கமுமாகச் சாய்ந்திருக்கும். அடிப்பாகம் அகலமாவதால் வேகமாகத் திரும்பும்போது பக்கவாட்டில் கவிழாது. மோதினால் முதலில் இடிபடுவது சக்கரத்தின் கீழ்விளிம்பு என்பதால் கை நசுங்காது. பின்னால் சாய்ந்து விழாமலிருக்க ஒரு சிறு சக்கரம் இருக்கும். ஆளின் இடுப்பு அளவுக்கு ஏற்பச் செய்திருப்பார்கள். மருத்துவமனை நாற்காலியில் உட்காரவைத்துக் கூடைப்பந்து ஆடச் சொன்னால், முதல் பத்து நிமிடத்தில் ஆட்டக்காரர் தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்வார். குறை நாற்காலியுடையது.

ஓடுவதற்கான செயற்கைக் காலும் அப்படியே. விளையாட்டு வீரர்கள் அணியும் வளைந்த கார்பன் தகடு, காலிழந்த அமெரிக்கரான வான் ஃபிலிப்ஸ் 1980-களில் உருவாக்கிய ஃபிளெக்ஸ்-ஃபுட்டின் வழிவந்தது. மிதித்ததும் வளைந்து, எழும்போது வில்லைப் போல் நிமிர்ந்து உந்தித் தள்ளும். அதற்குக் குதிகால் கிடையாது. அதை மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்பதே பெரும்பாடு. ஆகவே நடக்க ஒன்று, ஓட ஒன்று என இரண்டு வேண்டும். குழந்தைகளுக்கு இன்னும் சிக்கல்: வளரவளரப் பழையது சேராமல் போகும். ஒருமுறை பரிசாகக் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டால், கொஞ்ச நாளில் அது கட்டிலுக்கடியில் கிடக்கும்.

இதற்குச் சில அமைப்புகள் கண்ட வழி மிகவும் புத்திசாலித்தனமானது: கருவி நூலகம். புத்தகம் எடுப்பது போலக் கைமிதிவண்டியையோ பந்தய நாற்காலியையோ எடுத்துப் போய்ப் பயன்படுத்தி, பிள்ளை வளர்ந்ததும் திருப்பிக் கொடுத்துப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். பஞ்சர் ஒட்டவும் சக்கரத்தின் பேரிங் மாற்றவும் தெரிந்த ஒருவர் கூடவே இருப்பார். என்னைக் கேட்டால் நூறு நாற்காலி கொடுத்த அமைப்பைவிட, இருபது நாற்காலியை ஐந்து வருடம் ஓடும் நிலையில் வைத்திருக்கும் அமைப்புக்குத்தான் என் மதிப்பு.

பாதுகாப்பு: பயப்படவும் வேண்டாம், அசட்டையும் வேண்டாம்

இது மருத்துவ ஆலோசனைக்கு மாற்று அல்ல. எந்தத் திட்டத்தில் சேர்வதற்கு முன்னும் உங்களுக்குச் சிகிச்சை தருபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் புதிதாக வருபவரும் தன்னார்வலரும் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

முதுகுத்தண்டின் மார்புப் பகுதியில் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயம்பட்டவர்களுக்கு இரத்த அழுத்தம் சடாரென்று ஏறும் அபாயம் உண்டு. கடும் தலைவலி, முகம் சிவத்தல், காயத்துக்கு மேலே மட்டும் வியர்த்தல் ஆகியவை அறிகுறிகள். பெரும்பாலும் காரணம் சிறியதாக இருக்கும்: நிரம்பிய சிறுநீர்ப்பை, மடங்கிப்போன சிறுநீர்க் குழாய், இறுக்கிக் கட்டிய பட்டை. உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கத்தைத் தளர்த்தி, குழாயைச் சரிபார்த்து, அவசர மருத்துவ உதவியை அழைக்க வேண்டும். அசட்டையாக விட்டால் உயிருக்கே ஆபத்து. "கொஞ்சம் தலைவலிதானே, ஆட்டம் முடியட்டும்" என்று விடவே கூடாது.

இவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது. வெயிலில் உடம்பு சூடேறிக்கொண்டே போகும், தணியாது. நிழலும் தண்ணீர் தெளிக்கும் குப்பியும் கூடவே இருக்க வேண்டும். உணர்ச்சியற்ற தோலில் அடிபட்டால் வலிக்காது. நீச்சல்குளத்தின் தரையில் கால் உரசித் தோல் கிழிந்தாலும் அவருக்குத் தெரியாது. கரையேறிய பின் இரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். அதனால் குளத்துக்குள் காலுறை அணிவதும், பயிற்சிக்குப் பிறகு கால்களையும் பிட்டத்தையும் கண்ணாடி வைத்துப் பார்ப்பதும் பழக்கமாக வேண்டும்.

கழுத்தில் காயம்பட்டவர்களுக்கு நாடித்துடிப்பு எவ்வளவு உழைத்தாலும் ஓர் அளவுக்கு மேல் ஏறாது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணைப் பார்த்து "போதாது, இன்னும் செய்" என்று விரட்டுவது தவறு. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான உழைப்பு. இந்த எளிய சோதனையே பொதுவாகப் போதும். இளம்பிள்ளை வாதம் வந்து பல்லாண்டு கழித்துப் பலவீனம் திரும்புபவர்களுக்கு அளவு மீறிய பயிற்சி தசையை மேலும் தளர்த்திவிடும். அவர்களுக்கு ஓய்வும் பயிற்சியின் பகுதி. சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்குத் தோள்தான் கால். நாளெல்லாம் முன்னோக்கித் தள்ளும் கைகளுக்குப் பயிற்சி நேரத்தில் பின்னோக்கி இழுக்கும் வேலையைக் கொடுத்து முதுகுப்புறத் தசையை வலுவாக்க வேண்டும். தோள்வலி வந்த பிறகு யோசிப்பது காலம் கடந்த யோசனை.

நல்ல திட்டத்தை எப்படி அடையாளம் காண்பது?

தர்மம், உரிமை என்று முன்பு சொன்னேன் அல்லவா? வேறுபாட்டைக் கண்டுபிடிக்கச் சில கேள்விகள் போதும். நிர்வாகக் குழுவில் மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்களா, அல்லது மேடையில் மட்டும்தானா? பயிற்சியாளர்களில்? "எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றி எதையும் முடிவு செய்யாதீர்கள்" என்பது மாற்றுத்திறனாளர் இயக்கத்தின் நெடுநாள் முழக்கம். அந்த முழக்கத்துக்கு இடமில்லாத அமைப்பு நல்ல மனத்தோடு தவறான வேலையைச் செய்யும்.

ஆண்டுக்கு ஒருநாள் விழாவா, வாராவாரம் வகுப்பா? விழாவுக்கு நன்கொடை எளிதில் வரும்; பதாகை கட்டலாம், பிரமுகர் வருவார். வாரா வாரம் வண்டி அனுப்பும் செலவுக்கு யாரும் பதாகை கட்ட மாட்டார்கள். ஆனால் உடம்பு விழாவுக்கு வலுப்பெறுவதில்லை. நன்கொடை கொடுப்பவர்களிடம் நான் வேண்டுவது இதுதான்: "போக்குவரத்துச் செலவுக்கு" என்று எழுதிக் கொடுங்கள்.

படங்களையும் கவனியுங்கள். மாற்றுத்திறனாளி ஒருவர் பந்தைப் பிடித்ததற்கே கண்ணீர் வரவழைக்கும் இசையோடு காணொளி போடுகிறார்கள் என்றால், அது பார்ப்பவரின் மன நிறைவுக்காகச் செய்தது. ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஸ்டெல்லா யங், தானே சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர், இந்தப் போக்கை 2012-லிருந்தே கடுமையாகக் கண்டித்தார். சாதாரணமாக வாழ்வதற்கே பாராட்டுவது பாராட்டு அல்ல, எதிர்பார்ப்பின் தாழ்வு என்பது அவர் வாதத்தின் சாரம். பிள்ளைகளின் முகத்தைப் படமெடுக்கும் முன் அவர்களையும் பெற்றோரையும் கேட்டார்களா என்பதும் இதில் சேரும்.

எல்லாரும் பதக்கம் வாங்க வேண்டியதில்லை. போட்டியே பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். தண்ணீரில் மிதப்பது மட்டும் பிடித்தவரைப் போட்டிக்குத் தள்ளாத திட்டமே அவருக்கு நல்ல திட்டம்.

தொடங்குபவருக்கும் துணை வருபவருக்கும்

சேர நினைப்பவர் போன் செய்து முதலில் கேட்க வேண்டியது கட்டணம் அல்ல. வண்டியிலிருந்து களம்வரை படி இருக்கிறதா? கழிப்பறைக் கதவு எவ்வளவு அகலம்? முதல் நாள் வெறுமனே வந்து பார்த்துவிட்டுப் போகலாமா? துணைக்கு ஒருவரை அழைத்து வரலாமா? இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்லும் இடத்தில் ஏற்கெனவே யாரோ கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். முதல் வாரம் பத்து நிமிடம் போதும். மறுநாள் உடம்பு என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு அடுத்ததைத் தீர்மானியுங்கள்.

உதவ வருபவர்களுக்குச் சொல்ல வேண்டியது சற்று அதிகம். சக்கர நாற்காலி என்பது அவர் உடம்பின் பகுதி. கேட்காமல் பிடித்துத் தள்ளுவது, முன்பின் அறியாதவர் தோளைப் பிடித்துத் தள்ளுவதற்குச் சமம். "தள்ளட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கையை எடுத்துவிடுங்கள், மனம் நோக வேண்டாம். பேச்சு குழறுகிறவர் பேசி முடிக்கும்வரை காத்திருங்கள். வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். கூட வந்திருக்கும் அம்மாவிடம் "இவருக்கு என்ன வேண்டும்?" என்று கேட்காமல் அவரிடமே கேளுங்கள். விழுந்துவிட்டால் பதறி ஓடிப்போய்த் தூக்க வேண்டாம். எங்கே பிடிக்க வேண்டும், எப்படி எழுவது என்று அவருக்கே தெரிந்திருக்கும். அவர் சொல்லும்படி செய்யுங்கள். வருகிறேன் என்று சொன்ன நாளில் வந்துவிடுங்கள். நீங்கள் வராத சனிக்கிழமையில் வண்டியை எதிர்பார்த்து ஒருவர் உடுத்திக்கொண்டு வாசலில் காத்திருப்பார்.

பக்கத்தில் எந்தத் திட்டமும் இல்லை என்றால் தொடங்குவதற்குப் பெரிய அமைப்பு தேவையில்லை. சரிவுப் பாதையும் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறையும் உள்ள ஒரு கூடம். உட்கார்ந்து ஆட ஒரு வலை, ஒரு பந்து. முதலுதவி தெரிந்த ஒருவர், அறிவுரைக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட். ஆட விரும்பும் இரண்டு மாற்றுத்திறனாளிகள். எந்த நாள், எந்த நேரம், என்ன விளையாட்டு என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். பிறகு புதன்கிழமைதோறும் ஒரு போன்: "சனிக்கிழமை வண்டி எத்தனை மணிக்கு வரட்டும்?"